முதலில் கையைப் பார்ப்பார்

சிஸ்டர் யாருடைய முகத்தையும் முதலில் பார்த்ததில்லை. கையைத்தான் பார்ப்பார். வலது கை, அடுத்து இடது கை, பிறகு இரண்டையும் திருப்பச் சொல்லிப் புறங்கை. அதற்கப்புறம்தான் தலையை நிமிர்த்தி, "இப்ப சொல்லு" என்பார். என்னை முதன்முதலில் பார்த்தபோதும் அப்படித்தான். எச்.ஆர். மேனேஜர் என் பெயரையும் எங்கள் ஆபீஸ் பெயரையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டிருந்தார். சிஸ்டர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"ரைட் ஹேண்டு சுண்டு விரல்ல இன்னா அது தழும்பு?" என்று கேட்டார்.

கேமரா ஸ்டாண்டின் கிளாம்ப் கடித்தது என்றேன்.

"தையல் போட்டவன் ஒழுங்கா போடல" என்றார். எங்கள் அறிமுகம் அதோடு முடிந்தது.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலுதவி அறையின் நர்ஸ் என்பதால் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிலிருந்து எம்.டி. வரைக்கும் எல்லோருக்கும் சிஸ்டர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு அந்த வேலை போனது நான் செய்த ஒரு தப்பினால். கடைசிவரை மறைத்து வைத்து ஆச்சரியப்படுத்துகிற அளவுக்கு அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நான் போரூரில் ஒரு சின்ன ஆபீசில் இருந்தேன். ஓனர் ஒருவர், நான் ஒருவன், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேமரா. தொழிற்சாலைகளுக்கு வர்ச்சுவல் டூர் எடுத்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஒரகடம் பக்கம் அப்போது நேற்று நெல் நின்ற இடத்தில் இன்று கம்பெனி நின்றது. அவர்களிடம் உதிரி பாகம் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தொழிற்சாலையைப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்க மாட்டோம் என்பார்கள். ஆனால் மீனம்பாக்கத்தில் இறங்கி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நெளிந்து, எருமைகளுக்கு வழிவிட்டு வல்லம் வடகால் வரைக்கும் வரவும் மாட்டார்கள். அவர்களுக்காக நாங்கள் தொழிற்சாலையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைப்போம். ஒவ்வொரு கூடத்தின் நடுவிலும் ஸ்டாண்டை நிறுத்தி, அகலமான லென்ஸால் சுற்றிலும் ஆறு படம், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆபீசில் உட்கார்ந்து எட்டையும் ஒட்டினால் ஒரே படமாகிவிடும். மவுசை இழுத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம். இயந்திரங்களின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள் வைப்போம். புள்ளியைக் கிளிக் செய்தால் ஒரு பெட்டி திறந்து, அந்த இயந்திரத்தின் பெருமை இரண்டு வரியில் வரும்.

இந்த மாதிரிப் படத்தில் எல்லாப் பக்கமும் விழும் என்பதால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. லைனை நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். லைன் நிற்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் சூப்பர்வைசர்கள் என்னை முறைப்பார்கள். எனக்கும் பொறுமை கொஞ்சம் குறைவு. லென்ஸில் ஒரு தூசி விழுந்தால் அன்றைக்கு முழுக்கச் சிடுசிடுப்பேன். கூட ஒரு ஆள் வராமல் வெளியாளைத் தொழிற்சாலைக்குள் விட மாட்டார்கள். லைனில் இருக்கிற எல்லோருக்கும் டார்கெட் இருந்தது. "சிஸ்டர் ஃப்ரீயாத்தான் இருக்காங்க" என்று மேனேஜர் அவரை என்னோடு அனுப்பினார்.

"யாருக்கும் அடிபடாத வரைக்கும் நான் ஃப்ரீதான் சார்" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் முதலுதவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

கேமரா சுற்றும்போது அதன் முதுகுப் பக்கமாகவே நாங்களும் சுற்ற வேண்டும். முதல் நாள் கேன்டீனில் எடுத்தபோது அவருக்கு அந்தத் தாளம் பிடிபடவில்லை. ஆபீசில் ஒட்டிப் பார்த்தால் சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவில் மூன்று இடத்தில் வெள்ளைக் கோட்டு நின்றது, மூன்றுக்கும் கால் இல்லை. மறுநாள் அதை லேப்டாப்பில் காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "காலு போனா போகுது. கை ஆறும் நல்லா கீது பாரு" என்றார். அன்றிலிருந்து என்னைவிட நன்றாகச் சுற்றினார்.

அவருடைய கைப் பைத்தியத்தைப் பற்றி அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அவர் வீடு பிள்ளைப்பாக்கம் தாண்டி ஒரு புதுக் குடியிருப்பில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை நடக்கும்போது, நன்மை அப்பம் வாங்க ஜனங்கள் வரிசையாகக் கை நீட்டுகிற இடத்தில் அவருக்கு ஜெபம் மறந்துவிடுமாம். யாருக்கு எந்த விரல் இல்லை, யாருக்குப் புதுக் கட்டு என்று கண் தானாகப் போகும். பூசை முடிந்ததும் வாசலில் நிறுத்தி விசாரிப்பார். "எங்க வூட்டுக்காரரு பொண்ணு பாக்க வந்தப்பவே நான் மொகத்த பாக்கல தம்பி. அம்பத்தூர்ல லேத்து வேலைன்னாங்க. பத்தும் கீதான்னு எண்ணிப் பாத்துட்டுதான் காபி குடுத்தேன்" என்றார். அந்தப் பத்து விரல்காரருக்குப் பிறகு முதுகுத் தண்டில் ஏதோ ஆகி, வேலையை விட்டு வீட்டில் இருந்தார். மகள் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். வீடு ஓடியது சிஸ்டரின் வேலையில்தான்.

அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முதலுதவி அறையில் மட்டும்தான் எனக்குச் சார்ஜ் போட பிளக் கிடைக்கும். அதனால் மதியத்தில் அங்கே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் வெல்டிங் லைனில் இருந்து ஒருவர் விரலைக் கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டு வந்து, "ஒண்ணுமில்ல சிஸ்டர், சின்ன காயம். பிளாஸ்திரி மட்டும் குடுங்க. புக்குல ஏத்தாதீங்க" என்றார். அவர் டிரெய்னி. பெயர் காயப் புத்தகத்தில் ஏறினால் நிரந்தரம் ஆவது தள்ளிப்போகும் என்று எல்லோருக்கும் பயம்.

"சின்ன காயம்னு ஒண்ணு கெடையாது. சின்ன பேண்டேஜ்தான் கீது. காட்டு" என்றார் சிஸ்டர்.

கழுவினார், மருந்து வைத்தார், கட்டினார். கட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எந்தக் கை, எந்த விரல், எத்தனையாவது கணு, எந்த மெஷின். அந்த ஆள் கெஞ்சியபடி நின்றார். சிஸ்டர் தான் எழுதியதை ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டி, "சரியா கீதா?" என்று கேட்டார். அந்த ஆள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சரிதான்" என்றார். எனக்குச் சிஸ்டர்மேல் எரிச்சல் வந்தது. பாவம், விட்டுவிடலாமே என்று நினைத்தேன். அதை அவரிடம் கேட்டும் விட்டேன்.

"நாளைக்கு அது செப்டிக் ஆயி விரல எடுக்கணும்னா, இது வெளில பட்ட காயம்னுடுவாங்க தம்பி. இந்தப் புக்கு ஒண்ணுதான் அவனுக்கு சாட்சி" என்றார்.

கேட்டில் ஒரு பெரிய பலகை உண்டு. விபத்தில்லா நாட்கள் என்று எழுதி, கீழே ஒரு எண். அவருடைய புத்தகம் எவ்வளவு நிரம்பினாலும் அந்த எண் தினமும் ஒன்று ஏறும். மாதக் கடைசியில் அவர் புத்தகம் மாடிக்குப் போகும், கையெழுத்தாகித் திரும்பி வரும், பலகை அசையாது. அதைத் தாண்டும்போதெல்லாம், "யாருக்கோ வயசு ஏறிகினே போவுது" என்பார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

பிரஸ் ஷாப்பை எடுத்த நாள்தான் விஷயத்தின் ஆரம்பம். தகடுகளை அச்சில் வைத்து அழுத்துகிற பெரிய பிரஸ்கள் ஐந்து அங்கே வரிசையாக இருந்தன. எச்.ஆர். கொடுத்த பட்டியலில் அவற்றுக்கு ஐந்து புள்ளி. விவரத்தைப் பிறகு அனுப்புவதாக எழுதியிருந்தார்கள். லைனை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். எந்த இயந்திரம் எது என்று குழம்பாமல் இருக்க நான் நோட்டில் எண் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"அது இன்னா செய்யும்னு எனக்குத் தெரியாதுப்பா. இன்னா செஞ்சுதுன்னு கேளு, சொல்றேன்" என்றார்.

சரி, சொல்லுங்கள் என்றேன், கேலியாக.

"ஒண்ணாம் நம்பரு, ஒரு கட்டை விரலு, நகத்தோட. ரெண்டுல இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா அந்தப் பட்டன தொட்டுப் பாரு."

தொட்டேன். பிசுபிசுவென்று ஒட்டியது. பிரஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அது இறங்கும், கை உள்ளே போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. டார்கெட்டை எட்ட முடியாதபோது ஒரு பட்டனை அமுக்கியபடி டேப் சுற்றிவிடுவார்கள். அப்போது ஒரு கை மிச்சமாகும். அந்தக் கை தகடு எடுக்க உள்ளே போகும்.

"நீ படம் எடுக்க வர்றேன்னு காலைல டேப்ப பிச்சிட்டாங்க. பசை போகல" என்றார். "மூணாம் நம்பரு, ஒருத்தனுக்கு ரெண்டு விரலு. இப்ப லெஃப்ட்லதான் எழுதிகினு கீறான். நாலு, உள்ளங்கை. அஞ்சுல ஒருத்தன் மயக்கம் போட்டு விழுந்தான், டபுள் ஷிஃப்ட்டு பாத்துட்டு."

எனக்கு வேண்டியிருந்தது எத்தனை டன், எத்தனை பாகம் என்பது. ஆனாலும் கை தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. ஆங்கிலத்தில் அரைகுறையாக, ஒன்றுக்குக் கட்டை விரல், இரண்டுக்கு ஒரு பட்டனில் டேப், மூன்றுக்கு இரண்டு விரல் லெஃப்ட், இப்படி.

அந்த மூன்றாம் நம்பர்க்காரரை நான் பார்த்திருக்கிறேன். தென்காசிப் பக்கத்து இளைஞர். பிரஸ்ஸிலிருந்து ஸ்டோர்சுக்கு மாற்றியிருந்தார்கள். ஸ்டோர்ஸில் எழுத்து வேலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் முதலுதவி அறைக்கு வந்து உட்கார்ந்து, நாலு கோடு நோட்டில் இடது கையால் எழுதிப் பழகுவார். வலது கை மேஜைக்குக் கீழே மடியில் இருக்கும். சிஸ்டர் எட்டிப் பார்த்து, "'ழ' ஏன் படுத்துகினு கீது? நிக்க வை" என்பார். "நிக்க மாட்டேங்குது சிஸ்டர், அதுக்கு நான் என்ன செய்ய" என்பார் அவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நோட்டு சிஸ்டரின் டிராயரில், பஞ்சுக்கும் ஜெபமாலைக்கும் பக்கத்தில் இருக்கும். நான் சார்ஜ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எச்.ஆர். தருவதாகச் சொன்ன விவரம் மூன்று வாரமாகியும் வரவில்லை. பெட்டி திறக்கிறதா, எழுத்து உள்ளே அடங்குகிறதா என்று சோதிக்க ஏதாவது எழுத்து வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தமில்லாத வரிகளை ஒட்டி வைப்பது வழக்கம், பிறகு நிஜ வரிகள் வந்ததும் மாற்றிவிடுவோம். என் எதிரே நோட்டு திறந்து கிடந்தது. சிஸ்டர் சொன்னதை அப்படியே அடித்து வைத்தேன். பிறகு விவரம் வந்தது. கூடம் கூடமாக மாற்றினேன். பிரஸ் ஷாப் படத்தில் ஒரு தூசி தெரிகிறது என்று சொல்லி அதை மட்டும் நான் இரண்டாம் முறை ஒட்டியிருந்தேன். புது வரிகளைப் பழைய படத்துக்குக் கொடுத்துவிட்டேன். புதுப் படத்தில் சிஸ்டரின் வரிகள் அப்படியே இருந்தன. ஒரு தூசிக்காக வந்த வினை.

கம்பெனிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வலையில் ஏற்றுவோம். அது ஓனரின் சட்டம். கூடத்துக்கு ஒரு வரிசை, கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் என்று ஆறு பக்கத்துக்குத் தாள் வைத்திருந்தோம். மேனேஜரைப் பார்க்க அன்று தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ வந்திருந்தார்கள். "கூடப் போனது நீங்கதானே சிஸ்டர், நீங்களே பார்த்துப் போட்டுடுங்க" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் லேப்டாப்பை முதலுதவி அறையில் வைத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். ஒரு டீயும் ஒரு தூக்கமும் முடித்துத் திரும்பி வந்தபோதும் சிஸ்டர் பார்த்து முடித்திருக்கவில்லை. தென்காசிக்காரர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்ததும் எழுந்து போய்விட்டார்.

"தம்பி, இத அந்த வெளிநாட்டுக்காரங்க அவங்க ஊர்ல உக்காந்துகினு படிப்பாங்களா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஆமா சிஸ்டர். புள்ளிய கிளிக் பண்ணா வரும்."

"பண்ணுவாங்களா?"

"அதுக்குத்தானே வைக்கிறோம்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு தாளில் ஏதோ எழுதி, ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். நான் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று இரவே டூரை வலையில் ஏற்றினோம்.

பத்து நாளில் வெளிநாட்டிலிருந்து மேனேஜருக்கு மெயில் வந்தது. பிரஸ் ஷாப்பில் ஐந்து புள்ளியையும் யாரோ ஒருவர் பொறுமையாகக் கிளிக் செய்து படித்திருக்கிறார். இது உண்மையா, உண்மையென்றால் உங்கள் விபத்துக் கணக்கில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தார்கள். பதில் வரும்வரை புது ஆர்டர் நிறுத்தம். மேனேஜர் எங்கள் ஓனரைக் கூப்பிட்டுக் கத்தினார். ஓனர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். நடந்ததை நான் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கையெழுத்து இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப நாம தப்பிச்சோம். நீ வாயே தொறக்காத. இந்த ஒரு கம்பெனி போச்சுன்னா நீயும் நானும் கடைய சாத்திட்டு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, தாளை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. எழுதியது என் கை, மாற்ற மறந்ததும் என் கை. பாவம், இத்தனை பக்கத்தைப் பார்த்த களைப்பில் சிஸ்டர் பிரஸ் ஷாப்பைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார், அது அவர் தலையில் விடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து எங்களையும் வரச் சொன்னார்கள். ஓனர் மாடிக்குப் போனார். நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சிஸ்டர் இறங்கி வந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை. ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் துணிப்பை. நான் எழுந்து நின்றேன். சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"நகத்த கடிக்காத. செப்டிக் ஆயிடும்" என்றார்.

வெயிலில் பலகையைத் தாண்டி நடந்து போனார். கம்பெனி பஸ்ஸில் அன்று அவரை ஏற்றவில்லை என்று செக்யூரிட்டி சொன்னார்.

நாலைந்து மாதம் போயிருக்கும். அதே தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பை மட்டும் திரும்ப எடுக்கக் கூப்பிட்டார்கள். போகக் கூடாது என்று நினைத்தேன், போனேன். ஐந்து பிரஸ்ஸுக்கும் முன்னால் மஞ்சள் கம்பங்கள் நட்டிருந்தார்கள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளித் திரை. கை உள்ளே போனால் பிரஸ் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வெளிநாட்டுக்காரர்கள் போட்ட நிபந்தனையாம். சூப்பர்வைசர் தன் கையை நீட்டிச் செய்து காட்டினார். இரண்டாம் பிரஸ்ஸின் பட்டனைத் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுப்பு இல்லை. கேட்டுப் பலகையில் எண் குறைந்து எழுபதோ எண்பதோ ஆகியிருந்தது. முதலுதவி அறையில் ஒரு புதுப் பெண் இருந்தார். என் முகத்தைப் பார்த்து, "என்ன வேணும் சார்?" என்று கேட்டார். சார்ஜ் போட வேண்டும் என்றேன்.

தென்காசிக்காரர் எங்கே என்று ஸ்டோர்ஸில் கேட்டேன். சிஸ்டர் போன அடுத்த மாதமே நின்றுவிட்டார் என்றார்கள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டாண்டுப் பையை ஒரு கையில் பிடித்தபடி கூட்டத்தில் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோது, யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

"தழும்பு அப்படியே கீது" என்றது குரல். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

டீக்கடையில் நின்று பேசினோம். முதல் ஆறு மாதம் வீட்டில் கஷ்டம்தான் என்றார். மகளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்ததாம். பிறகு ஒரு டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்து, இப்போது ஓடுகிறது. மகளும் படிப்பை முடித்துவிட்டாள். நான் இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். எழுதியது நான், மாற்ற மறந்தது நான், உங்கள் கையெழுத்தைக் காட்டி நாங்கள் தப்பித்துக்கொண்டோம், நீங்கள் பார்க்காமல் போட்டதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன்.

சிஸ்டர் டீயை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாரு பாக்காம போட்டது?"

"நீங்கதான் சிஸ்டர்" என்றேன்.

"மேனேஜர் நல்ல மனுசன் தம்பி. 'படிக்காம போட்டுட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சிஸ்டர், வார்னிங்கோட முடிச்சிடறேன்'னாரு. எப்படி எழுதிக் குடுக்கறது? படிச்சிட்டனே. அஞ்சையும் படிச்சேன். அந்த மூணாம் நம்பர்காரனையும் கூப்ட்டு உக்கார வச்சு, உன்னுது சரியா கீதான்னு பாருன்னேன். அவன் படிச்சிட்டு, 'சிஸ்டர், எனக்குப் போனது வலது கைல்லா, இதுல இடதுன்னு போட்ருக்காவளே'ன்னான். இடது கைன்னா யாருக்கு இன்னா? எழுதற கை போச்சுன்னாதானே போனது தெரியும்? தாள்லயே எழுதிக் குடுத்தேன். மாத்தினியா?"

"எதை?"

"லெஃப்ட்ட ரைட்டுன்னு."

பஸ் வந்தது. அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு ஏறினேன். தென்காசிக்காரர் படப்பையில் ஒரு கூரியர் ஆபீசில் இருப்பதாகவும், நாள் முழுக்க இடது கையால் எழுதுவதாகவும், 'ழ' இன்னும் படுத்துதான் இருப்பதாகவும் ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆபீசுக்குப் போய்ப் பழைய ஃபைலை எடுத்தேன். ஆறு பக்கமும் இருந்தது. நாலாவது பக்கத்தில், பிரஸ் ஷாப் வரிசையின் குறிப்புக் கட்டத்தில், காயப் புத்தகத்தில் எழுதுகிற அதே நேரான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"மூன்றாவது புள்ளி. இடது கை என்று உள்ளது. வலது கை என்று திருத்தவும். மற்றவை சரி."

ஓனர் இதைப் படிக்காமல் ஸ்கேன் செய்தார். நான் படிக்காமல் பையில் வைத்தேன். மேனேஜர் மட்டும் படித்திருக்கிறார், அதனால்தான் படிக்காமல் போட்டதாக லெட்டர் கேட்டிருக்கிறார்.

அந்த டூர் வலையில் இல்லை, புதியதை ஏற்றியபோதே எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய கம்ப்யூட்டரில் எல்லாம் அப்படியே கிடந்தது. தேடித் திறந்தேன். கேமரா நின்ற இடத்திலிருந்து மெதுவாகச் சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. புள்ளியைக் கிளிக் செய்தேன், பெட்டி திறந்தது. உள்ளே போய் லெஃப்ட் என்பதை அழித்து ரைட் என்று அடித்துச் சேமித்தேன். பிறகு சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

"மாத்திட்டேன் சிஸ்டர்" என்றேன்.



"செரிப்பா" என்றார். "அவன்கிட்ட சொல்லிடறேன்."